ஊர் சுற்றும்போது நிறைகிற வாட்டர்கலர் நோட்டு, வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்கிறதே!

நொய்யல்கரை எழுதியது:

வணக்கங்க. திருப்பூரில் இருக்கிறேன், ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளியூர் போகும்போது மட்டும் வாட்டர்கலர் நோட்டு எடுத்துப் போகிற ஆள். ஹம்பி, ஃபோர்ட் கொச்சி, போன மழைக்கு வால்பாறை என்று போன இடமெல்லாம் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் நோட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது, அடுத்த லீவுக்குத்தான் வெளியே வரும். தினமும் வரைகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அப்படி என்னத்தை வரைகிறீர்கள்? எங்கள் தெருவில் பனியன் கம்பெனி காம்பவுண்டு, டிரான்ஸ்ஃபார்மர், கட்டிங் வேஸ்ட் மூட்டை ஏற்றுகிற டெம்போ, அவ்வளவுதான்.

கூடவே இரண்டு சந்தேகம். வால்பாறையில் போட்ட பக்கங்களில் வானம் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. அதே கலர், அதே பிரஷ், அதே நோட்டு, ஹம்பியில் நன்றாகத்தான் வந்தது. அப்புறம், ஆள் கூடினால் எனக்குக் கை நின்றுவிடுகிறது. வெளியூரில் யாருக்கும் நம்மைத் தெரியாது. இங்கே பேக்கரியில் நோட்டைத் திறந்தால் நாலு தெரிந்த முகமாவது இருக்கும்.

ஆழியாறு எழுதியது:

வானம் திட்டுத்திட்டாக வந்ததற்கு மட்டும் நான் சொல்கிறேன். திட்டு விழுந்ததற்குக் காரணம் கலர் இல்லை, பேப்பர். வாட்டர்கலர் பேப்பர் தண்ணீரை உடனே குடித்துவிடக் கூடாது என்று சைஸிங் என்ற ஒரு பசை சேர்த்திருப்பார்கள், விலை கூடின பேப்பரில் பெரும்பாலும் அது ஜெலட்டின். அது இருப்பதால்தான் கலர் கொஞ்ச நேரம் மேலேயே நின்று பரவுகிறது. ஈரக்காற்றில் நோட்டு நாள்கணக்காகக் கிடந்தால் பூஞ்சை பிடித்து அந்தப் பசை அங்கங்கே கெட்டுப்போகும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, கலர் வைத்ததும் அந்த இடம் மட்டும் உறிஞ்சிக் கருத்துக் காட்டும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை வாங்குகிற இடங்களில் ஒன்று. அந்த மலையில் நனைந்த துண்டோடு ஒரே பையில் நோட்டை வைத்தால் வேறென்ன ஆகும்?

ஜிப் கவரில் போட்டு உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு வையுங்கள். ஏற்றுமதி கம்பெனியில் இருக்கிறவருக்கு அதற்குமா பஞ்சம்? கெட்டுப்போன பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், பேனாவுக்கு ஆகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மலை மேலே கலர் காயவே காயாது, பொறுமை இல்லாமல் மேல்பூச்சு வைத்தால் கீழே உள்ளதும் கிளம்பி வந்து சேறாகும். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தை கிளிப் போட்டுத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்வேன். அப்படியே கீழே இறங்கி உடுமலைப் பக்கம் வாருங்கள், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்றில், காற்றாலை எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பிரஷ்ஷை நனைத்துத் திரும்புவதற்குள் வானம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். அங்கே படத்தைச் சின்னதாக்கு, பிரஷ்ஷைப் பெரிதாக்கு. உள்ளங்கை அளவுக்கு மேல் போடாதீர்கள். வண்டி நிழலிலோ பஸ் ஸ்டாப் சுவர் மறைவிலோ உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பீளமேடுவாசி எழுதியது:

ஐடி வேலை, பகல் முழுக்க ஏசி ரூம். நான் செய்வது இதுதான்: வரும் வழியில் எதையாவது ஃபோனில் எடுத்துக்கொள்வேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதைப் பார்த்து அரை மணி நேரம் கலர். பேக்கரி, சிங்காநல்லூர் குளத்தில் நிற்கிற கொக்கு, மேம்பாலத்துக்கு அடியில் இளநீர் வண்டி. யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை, காற்றும் இல்லை, பூஞ்சையும் இல்லை. நொய்யல்கரை நண்பருக்கு இதுதான் சரிப்படும்.

கிளுவைவேலி எழுதியது:

பீளமேடு சொல்வது சுலபம்தான், ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. ஃபோன் நிழலைக் கறுப்பாக்கிவிடும், வானத்தை வெள்ளையாக்கிவிடும். எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் மத்தியான நிழலைக் கண்ணால் பாருங்கள், அதில் கறுப்பே கிடையாது, கத்தரிப்பூக் கலர் ஓடும். படத்தைப் பார்த்து வரைந்தால் அது வராது, ஃபோன் தின்றுவிட்டது.

நான் காங்கேயம் பக்கம். எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டு "காய்ஞ்ச காடு" என்று போய்விடுவார்கள். கொரங்காடு என்று சொல்வோம், மாடு ஆடு மேய விட்ட நிலம், கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலி. நான் வரைவது பெரும்பாலும் அதில் ஒரே ஒரு மூலை. வேலியில் ஒரு கடவு, அதற்குப் பின்னால் ஒரு வெள்வேலு, தூரத்தில் சிவன்மலை. பங்குனியில் கிளுவையில் ஒரு இலை இருக்காது, வெறும் குச்சி, சாம்பலும் ஊதாவும் கலந்த கலர். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைச் சேர்த்தால் அப்படியே வரும், நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெக்கைச் சாம்பல். அல்ட்ராமரைன் பேப்பரின் குழிகளில் மணல்மணலாகப் படிகிற கலர், அதுவே வேலிக்குள் இருக்கிற தூசியைக் காட்டிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புல் அப்போது வைக்கோல் நிறம். ஐப்பசி மழை இரண்டு இறங்கட்டும், அதே மூலை அடையாளம் தெரியாது. வேலி முழுக்கத் துளிர், அந்தப் பச்சையை டியூப்பில் விற்கிற சாப் கிரீனால் பிடிக்க முடியாது, மஞ்சளை நிறைய விட்டு நீலத்தைத் தொட்டும் தொடாமலும் சேர்க்க வேண்டும். வெள்வேலின் பட்டை மட்டும் எந்த மாசத்திலும் வெளிர்மஞ்சளாகவே நிற்கும், அதற்குப் பேப்பரை விட்டுவிட்டு மேலே லேசாக ஓக்கர் என்கிற மண்மஞ்சள் ஓட்டுவேன்.

கட்டுத்தரையில் கன்றுக்குட்டி இருந்தால் இன்னும் கொண்டாட்டம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாசத்துக்குள் சாம்பலுக்கு மாறிவிடும். காளையாக வளர்ந்தால் தலை, கழுத்து, திமில் எல்லாம் கருக்கும், காயடித்த எருது வெளுத்துத் தெரியும். என் நோட்டில் ஒரே கன்றின் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டு போகிறது. ஹம்பிக்குப் போனால் அந்த ஒரு நாள் வெயிலைத்தான் வரைய முடியும், நாலு மாசம் கழித்து அதே பாறையைப் போய்ப் பார்க்கவா போகிறீர்கள்? டிரான்ஸ்ஃபார்மரானாலும் சரி, ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போடுங்கள். மூலையில் தேதி, நேரம், காற்று இருந்ததா இல்லையா என்று எழுதி வையுங்கள். மத்ததெல்லாம் அப்புறம்.

நொய்யல்கரை எழுதியது:

கிளுவைவேலி அண்ணா, கன்றுக்குட்டிப் பக்கங்களை ஒரு நாள் காட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் யோசிக்க வேண்டியதாக இருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, பாதியை ஈ.பி.காரர்கள் ஒயருக்காக வெட்டி வெட்டி ஒருக்களித்து நிற்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

சென்னிமலைத்தறி எழுதியது:

எடுத்துக்கொள் தம்பி. வெட்டின மரம்தான் வரைய நல்லா இருக்கும், எலும்பு தெரியும்.

மஞ்சள்மண்டி எழுதியது:

ஃபோட்டோ சண்டைக்கு என் பங்கு. 2007இல் சியாட்டிலில் காப்ரியல் காம்பனாரியோ என்கிற பத்திரிகைக்காரர் அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற கூட்டத்தைத் தொடங்கினார், இன்று பல நாடுகளில் கிளை இருக்கிறது. அவர்களுடைய முதல் விதியே நேரில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை வரைய வேண்டும் என்பதுதான். கிளுவைவேலி அந்தக் கட்சி. ஆனால் இங்கிலாந்து ஓவியர் டர்னரை எடுத்துக்கொள்ளுங்கள், 1819இல் முதல் தடவை இத்தாலி போனபோது நோட்டு நோட்டாகப் பென்சிலில் கிறுக்கிக்கொண்டே போனார், கலர் பெரும்பாலும் பின்னாடிதான். கோடு அங்கே, கலர் தங்கின இடத்தில். அவரைவிட வாட்டர்கலர் தெரிந்த ஆள் யார்? அதனால் ஃபோட்டோ வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்காக எல்லாக் கலரையும் அங்கேயே போட்டாக வேண்டும் என்றும் இல்லை. கோட்டைப் போட்டு, "இங்கே ஓக்கர், நிழல் ஊதா" என்று அதன் மேலேயே எழுதிக்கொண்டு வந்துவிடலாம்.

நான் ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஏலத்துக்கு முன்னால் காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் என் ஸ்டுடியோ. சாம்பிள் மஞ்சளைக் காகிதத்தில் கொட்டி வைத்திருப்பார்கள், வியாபாரிகள் ஒரு கிழங்கை எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள். எல்லாரும் மஞ்சள் என்றதும் லெமன் எல்லோவை எடுக்கிறார்கள். காய்ந்த விரலி மஞ்சளின் தோல் மண் நிறம், ரா சியன்னா என்கிற மஞ்சள்பழுப்புக் கலரும் கொஞ்சம் பழுப்பும். ஒடித்த இடத்தில்தான் ஆரஞ்சு தெறிக்கும். அந்த ஒடிந்த வாயை மட்டும் சுத்தமான கலரில் வைத்து மீதியை மங்க விட்டால் படம் நின்றுவிடும். பக்கத்திலேயே அன்றைய குவிண்டால் விலையையும் எழுதி வைப்பேன், பழைய நோட்டைப் புரட்டும்போது படத்தைவிட விலையைத்தான் மண்டியில் எல்லாரும் வாங்கிப் பார்க்கிறார்கள்.

என் சாமான் மொத்தமும் சட்டைப் பையில் அடங்கும். பழைய பெப்பர்மின்ட் தகர டப்பா, அதில் ஆறு பான், அதாவது கலர்க் கட்டி வைக்கிற சின்னக் கிண்ணம். டியூப் கலரைப் பிதுக்கி ஊற்றிக் காய வைத்ததுதான், ஒரே அடியாக ஊற்றினால் வெடித்துக் கழன்று விழும், பாதி பாதியாக ஊற்றி நடுவில் ஒரு நாள் விட வேண்டும். அப்படியும் வெடிக்கிற கலருக்கு ஒரு சொட்டு கிளிசரின், மெடிக்கலில் கிடைக்கும். தேன் கலந்த கலர்கள் சில வருகின்றன, நன்றாகவே இருக்கும், ஆனால் நம்ம ஊர் எறும்புக்கும் அது தெரியும்.

பீளமேடுவாசி எழுதியது:

டர்னரை இழுத்துவிட்டதால் நான் அமைதியாகிறேன் 😀 ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வீடு வருகிறவன் நேரில் எதைப் போய் உட்கார்ந்து வரைவது? எல்லாருக்கும் மண்டியும் கொரங்காடும் வாய்க்காது.

கிளுவைவேலி எழுதியது:

எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு இருக்குமல்லவா? அதை வரையுங்கள், ஆறிப்போவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற கட்டாயமும் சேர்ந்துவிடும். அரிசியும் பருப்பும் சாதத்தின் மேல் நெய் ஊற்றினால் அந்த இடம் மட்டும் மினுங்கும், அந்த மினுக்கத்துக்குப் பேப்பரின் வெள்ளையை விடப் பழகினால் ஆழியாறு அணைத் தண்ணீரையும் வரைந்துவிடலாம். வாட்டர்கலரில் வெள்ளைக் கலர் வைக்கிற பழக்கம் இல்லை, பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலர் பழக்கத்தில் நிறையப் பேர் வெள்ளையை எடுத்து அப்புகிறார்கள்.

சென்னிமலைத்தறி எழுதியது:

எல்லாரும் கலரையே பேசுகிறீர்கள். நான் தறியில் இருந்தவன், பெட்ஷீட்டுக் கோடு பார்த்துப் பார்த்து வளர்ந்த கண், அதனால் சொல்கிறேன். கோடு நிற்காவிட்டால் எந்தக் கலரும் தாங்காது. முதலில் பேனா. கடையில் போய்த் தனிப் பேனா தேட வேண்டாம், சாதா பால்பாயிண்ட் போதும், அதன் மை எண்ணெய்ச் சேர்மானம், மேலே தண்ணீர் ஓடினாலும் கரையாது. மைப்பேனாவில் கோடு போட்டுவிட்டு மேலே பிரஷ் வைத்தால் மொத்தமும் நீலமாகக் கலைந்துவிடும், அதற்கென்று காய்ந்தால் கரையாத பிக்மென்ட் மை தனியாக வாங்க வேண்டும். ஜெல் பேனா பாதி கரையும், பாதி கரையாது, முதலில் ஓரத்தில் கிறுக்கிப் பார்.

ஆள் கூடுகிற சங்கதி. தம்பி, நம்ம ஊரில் கூடத்தான் செய்வார்கள், வேறெங்கே போவார்கள்? சந்தையில் உட்கார்ந்தால் "ஏஞ்சாமி, இதெல்லாம் எதுக்கு, கவர்மெண்டுல கேட்டாங்களா?" என்று கட்டாயம் ஒரு ஆத்தா கேட்கும். ரோடு அகலப்படுத்த அளவெடுக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள், அதைத் தெளிவாக்கிவிட்டால் போதும். பெருந்துறைச் சந்தையில் ஒரு கீரைக்கார அம்மா, "என்னைய எதுக்குக் கண்ணு வரையற, அந்த முருங்கைக்காயை வரை, அதுதான் விக்காம கெடக்குது" என்றார். வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, கட்டு இவ்வளவு ஒல்லியாக இருந்தால் எவன் வாங்குவான் என்று திட்டி, இன்னும் நாலு காய் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கேட்டுவிட்டு வரைந்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை. முகம் மட்டும் கேட்காமல் போடாதே.

ஆழியாறு எழுதியது:

சென்னிமலை ஐயா சொன்னதில் ஒரு சின்னத் தந்திரம் சேர்க்கிறேன். சுவரையோ தூணையோ முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள், எட்டிப் பார்க்கிற கூட்டம் பாதியாகிவிடும். பேக்கரியில் என்றால் கண்ணாடி அலமாரிப் பக்கம் பார்த்து உட்காருங்கள், தேங்காய் பன்னும் பப்ஸும் அசையாமல் நிற்கும், மாஸ்டரும் சந்தோஷப்படுவார்.

நொய்யல்கரை எழுதியது:

இன்றைக்கு வேப்பமரத்தைப் போட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பால்பாயிண்ட்டில் கோடு, வீட்டுக்கு வந்து கலர், டர்னர் முறை. வெட்டின இடங்களில் பிசின் வழிந்து கெட்டியாகியிருக்கிறது. இத்தனை வருஷம் அந்த வழியாகவே வண்டியில் போகிறேன், அதைப் பார்த்ததே இல்லை. ஒயர் எல்லாவற்றையும் போடலாமா விடலாமா என்று தெரியவில்லை, போட்டால் மரம் ஒளிந்துகொள்கிறது.

பேப்பர் விஷயம் ஒன்று. தினமும் வரைவதென்றால் 300 ஜிஎஸ்எம் பருத்தி நோட்டு கட்டுப்படியாகாது. 140இல் வருகிற டிராயிங் நோட்டு போதுமா?

மஞ்சள்மண்டி எழுதியது:

ஒயரில் ரெண்டே ரெண்டு போடுங்கள், மரத்தை வெட்டினதற்குக் காரணம் தெரிந்தால் போதும்.

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை கிராமில், துணிக்குப் பார்க்கிற அதே கணக்குத்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 140இல் பேனாவும் லேசான ஒற்றைப் பூச்சும் தாங்கும், தண்ணீரைத் தேக்கினால் பக்கம் நெளிந்து நடுவில் குளம் கட்டிக் காயும். 300 என்று போட்டிருந்தாலே எல்லாம் ஒன்றில்லை, மரக்கூழ் பேப்பரில் கலர் மேலாகவே நின்று சீக்கிரம் காயும், தப்பானால் துடைத்தெடுக்கலாம். பருத்தியில் உள்ளே இறங்கி மெதுவாகக் காயும், பெரிய வானத்துக்கு அதுதான். நான் இரண்டு வைத்திருக்கிறேன், தினப்படிக்கு மரக்கூழ் நோட்டு, வெளியூருக்குப் பருத்தி முழு ஷீட் ஒன்றை வாங்கி நாலாக, எட்டாகக் கிழித்து ஊசி நூலில் நானே கட்டினது. கடையில் விற்கிற நோட்டைவிட மலிவாக அடங்கும்.

கிளுவைவேலி எழுதியது:

நல்ல பேப்பரைப் பயணத்துக்கு ஒளித்து வைக்கிற பழக்கம்தான் எனக்குப் புரியவில்லை. வீட்டு வாசலுக்கு மட்டம் எதற்கு? ஒரே நோட்டில் எல்லாமும் கிடக்கட்டும், ஒரு பக்கம் கொச்சி வலை, மறு பக்கம் ரேஷன் கடை வரிசை.

மஞ்சள்மண்டி எழுதியது:

காசு, கிளுவை. வேறொன்றும் இல்லை.

நொய்யல்கரை எழுதியது:

😀 இரண்டு பேரும் சொல்வது புரிகிறது, சம்பளம் வந்ததும் ஒரு ஷீட் வாங்கிக் கிழித்துப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, அடுத்த மாசம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் டிக்கெட் கிடைத்திருக்கிறது. ஓடுகிற ரயிலில் வாட்டர்கலர் நடக்குமா? வாட்டர்பிரஷ் ஒன்று வாங்கியிருக்கிறேன், பிடிக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்கிற மாதிரி.

ஆழியாறு எழுதியது:

வேகம் பிரச்சினை இல்லை, நடந்து போகிறவன் முந்திவிடுவானோ என்று தோன்றும். குலுக்கல்தான் பிரச்சினை. கல்லாறு தாண்டினதும் பல்சக்கரம் பிடிக்க ஆரம்பிக்கும், அங்கிருந்து குன்னூர் வரைக்கும் கோடு தானாக நடுங்கும், அதை விட்டுவிடுங்கள், நேராக்கப் போனால் அசிங்கமாகும். நடுவே குகை வேறு வரும், மொத்த வழியில் 16 இருக்கின்றன, வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள் மலை மாறியிருக்கும். அதனால் பெரிய காட்சி வேண்டாம், ஒரு பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று.

என்ஜின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்துதான் ரயிலைத் தள்ளும், உட்கார்ந்த இடத்தில் பார்க்க முடியாது. ஹில்குரோவ் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பின்பக்கம் போங்கள். பேனாவில் உருவம் மட்டும், ஆவி வருகிற இடத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள், கலர் குன்னூரில் டீ குடிக்கும்போது.

வாட்டர்பிரஷ்ஷில் பாதித் தண்ணீரோடு ஏறாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பிடிக்குள் மிச்சம் இருக்கிற காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளிப் பையெல்லாம் நனைத்துவிடும். கழுத்து வரை நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலியாகக் கொண்டுபோய் மேலே நிரப்புங்கள். மைப்பேனாவுக்கும் இதேதான். சட்டைப் பையில் வைத்தால் நுனி மேலே பார்த்து இருக்கட்டும்.

சென்னிமலைத்தறி எழுதியது:

வேப்பமரத்தை இங்கே போடு தம்பி, பார்க்கலாம். ஒயரோடவே போடு.